சிப் டிசைன் டீமில் ஐபி-க்களை வைக்க கிட் போதாதா? தனி ரெபாசிட்டரி மென்பொருள் எதற்கு?

கோட் ஃபைல்களைப் பத்திரமாக வைப்பதற்கு கிட் (Git, ஃபைல்களின் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைக்கும் மென்பொருள்) தாராளமாகப் போதும். ஆனால் 'எந்த ஐபி-யின் எந்த வெர்ஷன் எந்தச் சிப்புக்குள் போயிருக்கிறது?' என்று கேட்டால் கிட் தானாகப் பதில் சொல்லாது. என்னைக் கேட்டால் இந்த ஒரு கேள்விக்காகவே தனி மென்பொருள் வேண்டும். பதினோரு வருடமாக வெரிஃபிகேஷன் (சிப் டிசைன் சரியா என்று சோதிப்பது) வேலையில் இருக்கிறேன், பட்டுத் தெரிந்துகொண்டது இது.

துறைக்குப் புதியவர்களுக்கு: இங்கே ஐபி என்பது யூஎஸ்பி கன்ட்ரோலர், டிஎம்ஏ, பிஎல்எல் மாதிரி ஒருமுறை செய்து பல சிப்புகளில் போடும் பிளாக்குகள். சிலவற்றை நாமே எழுதுவோம், சிலவற்றைக் காசு கொடுத்து வாங்குவோம்.

முன்பு நான் இருந்த கம்பெனியில் எங்கள் சிப்புக்கு ஒரு எஸ்பிஐ (சிப்புகள் தங்களுக்குள் டேட்டா அனுப்பும் எளிய இணைப்பு) கன்ட்ரோலர் தேவைப்பட்டது. பக்கத்து டீம் நண்பர் சர்வரில் ஒரு டைரக்டரியைக் காட்டினார். பெயரிலேயே 'ஃபைனல்' என்று இருந்தது, அப்படியே காப்பி எடுத்துக்கொண்டோம். சிப் ஃபேபிலிருந்து (சிப் தயாரிக்கும் ஆலை) வந்து போர்டில் ஏறியது. எஸ்பிஐ நன்றாகவே ஓடும், ஆனால் சில மணி நேரத்துக்கு ஒருமுறை ஒரு பைட் காணாமல் போகும். ஹீட் கன்னைக் காட்டிச் சூடாக்கினால் இன்னும் அடிக்கடி. ஃபர்ம்வேரைச் சந்தேகப்பட்டோம், போர்டைச் சந்தேகப்பட்டோம், மூன்று வாரம் ஓடிப்போனது.

கடைசியில் சிக்கியது உள்ளே இருந்த அசின்க்ரனஸ் ஃபிஃபோ, அதாவது வேறு வேறு கிளாக்கில் ஓடும் இரண்டு பகுதிகளுக்கு நடுவே டேட்டாவை வரிசையாக வைத்துக் கொடுக்கும் பிளாக். அடுத்து எங்கே எழுதுவது என்று காட்டும் அதன் ரைட் பாயின்டர் ஒரு கிளாக்கிலிருந்து இன்னொரு கிளாக்குக்கு வெறும் பைனரி எண்ணாகவே கடந்துகொண்டிருந்தது. 0111 என்பது 1000 ஆகும்போது நான்கு பிட்டும் ஒன்றாக மாறும். சரியாக அந்தக் கணத்தில் எதிர்ப்பக்கம் படித்தால் எந்த எண் வேண்டுமானாலும் கிடைக்கலாம். ஒரு நேரத்தில் ஒரு பிட் மட்டுமே மாறும் கிரே கோட் முறையை இங்கே போடுவது அதனால்தான்.

இதை அந்த நண்பரிடம் சொன்னதும் அவர் முகம் வாடிவிட்டது. எங்கள் டேப்-அவுட்டுக்கு (முடிந்த டிசைனை ஃபேபுக்கு அனுப்புவது) இரண்டு மாதம் முன்பே அவர்கள் அதைக் கண்டுபிடித்துத் திருத்திவிட்டார்கள். கமிட் மெசேஜில் (மாற்றத்தோடு சேர்த்து எழுதும் குறிப்பு) காரணத்தைக்கூட அழகாக எழுதி வைத்திருந்தார். நாங்கள் அதைக் காப்பி எடுத்தது மட்டும் அவருக்கு நினைவில் இல்லை. மாஸ்க்கை (சிப்பை அச்சிடும் அச்சுத் தகடு) மாற்றி மறுபடியும் ஃபேபுக்கு அனுப்பினோம். அந்த மாதங்களை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது.

பெர்ஃபோர்ஸ் ஐபிஎல்எம் (2020-ல் மெத்தடிக்ஸை வாங்கியதால் அவர்களுக்கு வந்தது), கிளியோசாஃப்டின் ஹப் (2023-ல் கீசைட் வாங்கியது) போன்றவை இந்த ஓட்டையைத்தான் அடைக்கின்றன. ஃபைல்கள் கிட்டிலோ பெர்ஃபோர்ஸிலோ (கிட் மாதிரியே இன்னொரு மென்பொருள்) அப்படியே இருக்கும். அதற்கு மேலே இவை ஒரு பதிவேடு மாதிரி உட்காரும்: ஒவ்வொரு சிப்பிலும் என்னென்ன ஐபி, எந்த ரிலீஸ், அதன் மேல் என்னென்ன பக் என்று. எஸ்பிஐ-யில் யாராவது ஒரு பக்கைக் கண்டு பதிவு செய்தால், அதை எடுத்த டீம்கள் யார் யார் என்று உடனே தெரிந்துவிடும்.

வாங்கிய ஐபி-யில் இன்னொரு தலைவலி உண்டு. சில லைசென்ஸ் ஒரே ஒரு சிப்புக்குத்தான் செல்லும். அதே பிளாக்கை அடுத்த புராஜெக்டில் காப்பி செய்தால் அது ஒப்பந்த மீறல், செய்தவருக்கே தெரியாமல்கூட நடந்துவிடும். ஃபவுண்ட்ரி (சிப்பைச் செய்து தரும் கம்பெனி) கொடுக்கும் பிடிகே-யும் (அவர்கள் செய்முறைக்கான டிசைன் ஃபைல் தொகுப்பு) அப்படித்தான், என்டிஏ-வில் (ரகசியம் காக்கும் ஒப்பந்தம்) கையெழுத்துப் போட்ட டீம் தவிர வேறு யார் கண்ணிலும் படக்கூடாது. சொந்த லேஅவுட்டை (சிப்பின் உள் அமைப்பு வரைபடம்) அரசிடம் பதிவு செய்வதானால் இந்தியாவில் 2000-ஆம் ஆண்டுச் சட்டம் 10 வருடப் பாதுகாப்பு தருகிறது, ஆனால் வணிகத்துக்கு வந்து 2 வருடத்துக்கு மேலானதைப் பதிவு செய்ய முடியாது. எது எப்போது வெளியே போனது என்ற தேதி கையில் இருப்பது அங்கேயும் உதவும்.

லேஅவுட் ஃபைல்களை கிட்டில் போட்டு அவதிப்படாதீர்கள். அவை பைனரி. இரண்டு பேர் ஒரே செல்லைத் திருத்தினால் மெர்ஜ் செய்ய வழியில்லை, ஒருவர் வேலை வீண்தான். லாக் வசதி உள்ள கருவியே அதற்குச் சரி.

நீங்கள் ஐந்தாறு பேர் கொண்ட டீம் என்றால் இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு ஐபி-க்கும் கிட்டில் தனி ரெப்போ (ரெபாசிட்டரி), ரிலீஸுக்கு ஒரு டேக் (அந்த வெர்ஷனுக்கு ஒட்டும் பெயர்), சிப்பின் ரெப்போவில் எந்த ஐபி-யின் எந்த டேக் என்று சொல்லும் ஒரே ஒரு ஃபைல். டைரக்டரியைக் காப்பி எடுப்பதை மட்டும் கறாராகத் தடுத்துவிடுங்கள். லின்ட் (கோடில் தவறு தேடுவது), சிடிசி (கிளாக் மாறும் இடங்களைச் சோதிப்பது), ரிக்ரஷன் (எல்லா டெஸ்ட்டையும் மறுபடி ஓட்டுவது) ரிசல்ட்டுகளை ரிலீஸோடு ஸ்கிரிப்டே ஒட்டிவிடட்டும். கையால் நிரப்பச் சொன்னால் இரண்டாவது மாதமே நின்றுவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

பிரித்து வைப்பது எப்படி என்று பார்க்க ஐஐடி மெட்ராஸின் சக்தி புராசஸர் நல்ல உதாரணம். கிட்லேபில் திறந்தே இருக்கிறது. கோர், கேஷ், ஃபேப்ரிக் (பிளாக்குகளை இணைக்கும் பகுதி), டிவைஸ்கள் எல்லாம் தனித்தனி ரெப்போ. ஒரு மாலை உட்கார்ந்து புரட்டிப் பாருங்கள், உங்கள் டீமுக்கு எதை எங்கே வெட்டுவது என்று பிடிபடும்.