நெஞ்சுக்கு ஜோடி முதுகுதான்

கேள்வி: சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. ஜிம்முக்கு 45 நிமிடம்தான் கிடைக்கிறது. நேரம் மிச்சமாகட்டும் என்று பெஞ்ச் பிரஸ் (படுத்தபடி எடையை மேலே தள்ளுவது) முடித்த கையோடு ஷோல்டர் பிரஸ் (தலைக்கு மேல் எடையைத் தூக்குவது) செய்கிறேன். இரண்டாவது ரவுண்டிலேயே கை நடுங்குகிறது. இரண்டு மாதமாக எடையும் ஏறவில்லை. ஜோடி போட்டுச் செய்வதே தப்பா மாஸ்டர்?
- வாசகர், செம்மண்டலம், கடலூர்

பதில்: ஜோடி போடுவது தப்பில்லை தம்பி, நீங்கள் போட்ட ஜோடிதான் பொருந்தவில்லை. பெஞ்ச் பிரஸ்ஸில் நெஞ்சு மட்டுமா உழைக்கிறது? முன்தோளும் டிரைசெப்ஸும் (மேல்கையின் பின்தசை) சேர்ந்துதான் தள்ளுகின்றன. அவை சோர்ந்திருக்கும்போதே ஷோல்டர் பிரஸ்ஸுக்குப் போனால் எடை எப்படி ஏறும்?

தள்ளுவதோடு இழுப்பதைச் சேருங்கள். பெஞ்ச் பிரஸ் ஒரு செட் (நிறுத்தாமல் சில தடவை). ஒரு நிமிடம் மூச்சு வாங்கிக்கொண்டு டம்பெல் ரோ (குனிந்து டம்பெல்லை இடுப்புப் பக்கம் இழுப்பது) ஒரு செட். முதுகும் பைசெப்ஸும் (மேல்கையின் முன்தசை) இழுக்கிற நேரத்தில் நெஞ்சும் டிரைசெப்ஸும் இளைப்பாறுகின்றன. மறுபடி ஒரு நிமிடம், திரும்பப் பெஞ்சுக்கு வாருங்கள். இதற்குள் நெஞ்சுக்குக் கிட்டத்தட்ட மூன்று நிமிட ஓய்வு கிடைத்துவிடும். தனித்தனியாகச் செய்தால் 20 நிமிடத்துக்கு மேல் இழுக்கும் ஆறு செட், இப்படி 12 நிமிடத்தில் முடியும். ஷோல்டர் பிரஸ்ஸை வேறொரு நாளில் லாட் புல்டவுனோடு (மேலே இருக்கும் கம்பியை நெஞ்சுக்கு இழுப்பது) வைத்துக்கொள்ளுங்கள்.

வெளியே தெரியாமல் இடிக்கிற ஜோடிகளும் உண்டு. 27 வயதில், புதுச்சேரியில் பயிற்சி எடுத்தபோது, டெட்லிஃப்ட்டோடு (தரையில் கிடக்கும் பாரைப் பிடித்துத் தூக்கி நிமிர்வது) புல்-அப்பை (கம்பியில் தொங்கி உடலை மேலே இழுப்பது) சேர்த்தேன். ஒன்று இடுப்புக்கும் தொடைக்கும், இன்னொன்று முதுகின் மேல்பக்கத்துக்கு என்று நினைத்தேன். விரல்களை மறந்துவிட்டேன். இரண்டுக்குமே பிடிதான் ஆதாரம். நான்காவது செட்டில் பார் நழுவி, காலுக்கு ஒரு விரற்கடை தள்ளி விழுந்தது. அன்றிலிருந்து ஜோடி சொல்லும்போது பிடியையும் கீழ்முதுகையும் முதலில் பார்க்கிறேன். ஸ்குவாட்டையும் (எடையோடு உட்கார்ந்து எழுவது) டெட்லிஃப்ட்டையும் நான் யாருக்கும் சேர்த்துக் கொடுக்காததும் கீழ்முதுகுக்காகத்தான். ஐந்து ரெப்ஸுக்குள் (தடவைக்குள்) முடிகிற கனமான ஸ்குவாட்டா? அதைத் தனியாகச் செய்து, மூன்று நிமிடம் முழுசாக ஓய்வெடுங்கள்.

இன்னொன்று. மாலை 6 மணிக்கு மேல் கூட்டமாக இருக்கும். பெஞ்சில் துண்டைப் போட்டுவிட்டு, கேபிள் மெஷினையும் பிடித்து வைத்தால் மற்றவர்கள் எங்கே போவார்கள்? ஒரு பெஞ்ச், ஒரு ஜோடி டம்பெல் போதும். பிரஸ்ஸையும் ரோவையும் அங்கேயே முடிக்கலாம். சித்திரை, வைகாசிப் புழுக்கத்தில் நம் ஊர்க் கடல்காற்றில் வியர்வை காயவே காயாது. அப்போது ஒரு நிமிட ஓய்வை ஒன்றரை ஆக்குங்கள்.

கேள்வி: வயது 52. வீட்டில் 3 கிலோ டம்பெல் இரண்டு இருக்கின்றன. கால் பயிற்சியை முடித்துவிட்டுத்தான் கைக்குப் போக வேண்டுமா?
- வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: வேண்டாம்மா, மாற்றி மாற்றிச் செய்யலாம். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 10 முறை. அப்புறம் டம்பெல்லைத் தலைக்கு மேல் தூக்குவது 10 முறை. கை வேலை செய்கிறபோது கால் ஓய்வெடுக்கும். முதல் இரண்டு வாரம் இரண்டு சுற்று போதும். பக்கத்தில் இருப்பவரோடு இரைக்காமல் பேச முடிகிற அளவுக்கு மூச்சு அடங்கிய பிறகு அடுத்த சுற்றைத் தொடங்குங்கள். முழங்கால் வலி ஏற்கெனவே இருந்தால் மருத்துவரிடம் காட்டிவிட்டு ஆரம்பியுங்கள்.