சிறுவர் பகுதிக்குப் பூட்டு எதற்கு? நூலகக் கேள்வி பதில்

வேலூர் வட்டாரக் கிளை நூலகங்களில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்ற நூலகர் ஒருவர், சிறுவர்களுக்கும் வளரிளம் பருவத்தினருக்குமான நூலகப் பணி குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு விடையளிக்கிறார்.

கேள்வி: அம்மா, எங்கள் கிளை நூலகத்தில் சிறுவர் நூல்கள் கிழிந்தும் தொலைந்தும் போகின்றன. இருப்புச் சரிபார்ப்பு வரும்போது நான்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆகவே அவற்றைக் கண்ணாடி பீரோவில் பூட்டி வைத்து, கேட்கும் பிள்ளைகளுக்கு மட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். இது தவறா?
(நூலகர், குடியாத்தம்)

தங்கள் அச்சம் எனக்குப் புதிதன்று. பணியில் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் நானும் சாவிக்கொத்தை இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தவள்தான். ஆயினும் தவறு என்றே சொல்வேன். பெரியவர் ஒருவர் தமக்கு வேண்டிய நூலைப் பெயர் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொள்வார். ஏழு வயதுக் குழந்தைக்கோ, எந்த நூல் வேண்டும் என்பதே அதைக் கையில் எடுத்து, அட்டையைப் பார்த்து, நாலு பக்கம் புரட்டிய பிறகுதான் தெரியும். பீரோவின் முன்னால் நிறுத்தி "என்ன புத்தகம் வேண்டும்?" என்று நாம் கேட்டால், சொல்லத் தெரியாமல் விழித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடும், மறுநாள் வராது. சீர்காழியில் பிறந்து, 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற எஸ்.ஆர். அரங்கநாதன், வாசகர்கள் தாமே அடுக்குகளுக்கு இடையே சென்று நூலை எடுத்துப் பார்க்கும் முறையை அங்கே கொண்டுவந்தார். 1931-இல் அவர் வெளியிட்ட ஐந்து விதிகளில் முதலாவது, நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதாகும். அந்த முதல் விதியையே நம் பீரோ தடுத்து நிறுத்துகிறது.

என் பணிக்காலத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி படக்கதை நூலொன்றை இரண்டு வாரம் தாமதமாகத் திருப்பிக் கொண்டுவந்தாள். நூலின் நடுவில், கத்தரியால் நறுக்கிய பீடி இலைத் துண்டு ஒன்று இருந்தது. அது இருந்த பக்கத்தில் பழுப்பாகக் கறை படிந்திருந்தது. நான் நாலு பேர் முன்னிலையில் அவளைக் கண்டித்துவிட்டேன். "அம்மா இலை வெட்டறப்ப படிச்சுக் காட்டினேன். எங்க விட்டேன்னு தெரியறதுக்கு வச்சேன்" என்று சொல்லிவிட்டுப் போனவள், பல மாதங்கள் நூலகத்தின் பக்கமே வரவில்லை. எழுத்தறியாத தாய் பீடி சுற்றும் வேளையில், மகள் உரக்கப் படித்துக் காட்டிய நூல் அது. என் நூலகத்தில் அதைவிடச் சிறப்பாகப் பயன்பட்ட நூல் வேறொன்று உண்டா என்று இன்றும் நினைத்துக்கொள்கிறேன். அந்தக் கண்டிப்பை என்னால் திரும்பப் பெற இயலவில்லை.

தங்கள் பொறுப்புக்கும் வழி சொல்லியாக வேண்டும். படித்துப் படித்து நைந்த நூல் வேறு, காணாமல் போன நூல் வேறு. இரண்டையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். நைந்தவற்றுக்குத் தனிப் பதிவேடு ஒன்று வைத்து, நூலின் பெயர், எண், என்ன பழுது என்பதை மாதந்தோறும் எழுதி, மேலலுவலகத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். சரிபார்ப்பு வருகிற நாள்வரை காத்திருந்தால் எல்லாமே குறைவாகத்தான் தோன்றும். உடனுக்குடன் எழுத்தில் சொல்லியிருந்தால் அது பயன்பாட்டுக்குச் சான்றாக நிற்கும். ஒட்டி, தைத்து மீட்கக்கூடியவற்றை மீட்க வாசகர் வட்டத்தினரைத் துணைக்கு அழையுங்கள். விலையுயர்ந்த கலைக்களஞ்சியங்கள் வேண்டுமானால் பீரோவிலேயே இருக்கட்டும். முதலில் ஐம்பது நூல்களை மட்டும் வெளியே எடுத்து, குழந்தையின் மார்பளவு உயரத்துக்கு மிகாத தட்டில், முதுகுப்பக்கம் தெரியாமல் அட்டைப்படம் தெரியும்படி சாய்த்து வையுங்கள். மூன்று மாதம் நடத்திப் பாருங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு வணக்கம். நான் 11-ஆம் வகுப்பு மாணவன். எங்கள் ஊர் நூலகத்தில் சிறுவர் பகுதியில் உட்கார்ந்தால் "நீ பெரிய பையன்" என்கிறார்கள். பெரியவர்கள் பகுதியில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் அண்ணன்கள் அமர்ந்திருப்பதால், நண்பனிடம் ஒரு வார்த்தை பேசினாலும் வெளியே போகச் சொல்கிறார்கள். நாங்கள் எங்கே போவது?
(மாணவர், ஆற்காடு)

தம்பி, உன் கேள்வி நூலகர்கள் அனைவரும் படிக்க வேண்டிய கேள்வி. பன்னிரண்டு வயதுக்கும் பதினெட்டு வயதுக்கும் இடைப்பட்டவர்களுக்கு நம் நூலகங்கள் பெரும்பாலானவற்றில் இடமே ஒதுக்கப்படவில்லை. சென்னை கோட்டூர்புரத்தில் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும், மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்திலும் சிறுவர்களுக்கெனப் பெரிய பகுதிகள் இருக்கின்றன. அவற்றைக் கண்டு மகிழ்ந்தவள் நான். ஆனால் உன் வயதினருக்குத் தேவைப்படுவது பெரிய கூடம் அன்று. ஒரு மேசை, ஆறு நாற்காலி, தாழ்ந்த குரலில் பேசிக்கொள்ளலாம் என்ற அனுமதி, இவை போதும். தேர்வுக்குப் படிப்போரின் அமைதியும் காக்கப்பட வேண்டியதே. வேலை கிடைக்க வேண்டுமே என்ற கவலையோடு படிக்கிறவர்கள் அவர்கள். ஆகவே மேசையை வாசலோரத்திலோ தாழ்வாரத்திலோ போட்டு, பள்ளி விட்ட பிறகு நூலகம் மூடும்வரை அதை மாணவர்களுக்கென அறிவித்துவிட்டால் சச்சரவுக்கு இடமிருக்காது.

நீயும் நண்பர்கள் நாலைந்து பேரும் சேர்ந்து நூலகருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். வாசகர் வட்டத்தில் உங்களில் இருவரைச் சேர்க்கும்படி அதில் கேளுங்கள். தமிழ்நாட்டில் 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, வீட்டுவரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. உன் பெற்றோரோ உங்கள் வீட்டுக்காரரோ செலுத்தும் பணத்தில்தான் அங்கே நூல் வாங்கப்படுகிறது. எனவே தயங்காமல் கேள். கேட்டதோடு நின்றுவிடாமல் ஒரு வேலையையும் பொறுப்பேற்றுக்கொள்ளுங்கள். பாலாற்றில் தண்ணீர் ஓடிய காலத்தைக் கண்ணால் கண்ட பாட்டி தாத்தாக்களைச் சந்தித்து, அவர்கள் சொல்வதை எழுதி, கையெழுத்து இதழாக்கி நூலகச் சுவரில் ஒட்டலாம். தேசிய நூலக வாரம் நவம்பர் 14-ஆம் நாள், குழந்தைகள் நாளன்றே தொடங்கி 20 வரை நடக்கிறது. முதல் இதழுக்கு அதைவிடப் பொருத்தமான நாள் வேறில்லை.

இதைப் படிக்கும் நூலகர்களுக்கு ஒரு சொல். இந்த வயதுப் பிள்ளைகள் உடல் வளர்ச்சி பற்றியோ மனக்கலக்கம் பற்றியோ ஒரு நூலைத் தேடி வந்தால், அதன் பெயரை உரக்கச் சொல்லிப் பதிவு செய்யாதீர்கள். என்ன எடுத்துச் சென்றார்கள் என்பதைத் தெருவில் பார்க்கும் அவர்களுடைய உறவினரிடம் சொல்லாதீர்கள். ஊரெல்லாம் ஒருவரையொருவர் அறிந்த இடத்தில் நூலகர் வாய் காத்தால்தான் அந்தப் பிள்ளை இன்னொரு முறை வரும். குறிப்பாகப் பெண் பிள்ளைகள்.

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். கோடை விடுமுறையில் நூலகத்தில் கதை நேரம் நடத்த விரும்புகிறேன். எவ்வளவு நேரம், எப்படி நடத்தலாம்?
(காட்பாடி)

காலை ஒன்பது மணிக்குத் தொடங்கிப் பத்துக்குள் முடித்துவிடுங்கள். மே மாதத்து வேலூர் வெயிலைப் பற்றித் தங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை; பதினோரு மணிக்குப் பிள்ளைகளை வெறுங்காலோடு வீட்டுக்கு அனுப்பக்கூடாது. ஐந்து முதல் எட்டு வயதினருக்குக் கதை அரைமணி போதும். மீதி அரைமணி அவர்களே நூல்களைப் புரட்டட்டும், அந்த இரண்டாவது அரைமணியைக் குறைத்துவிடாதீர்கள். நாற்காலியில் அமராமல் பாயில் அவர்களோடு அமர்ந்து, படம் அவர்களைப் பார்க்கும்படி நூலைப் பக்கவாட்டில் பிடித்துப் படியுங்கள். போன வாரக் கதையையே திரும்பக் கேட்டால் மகிழ்ச்சியோடு திரும்பச் சொல்லுங்கள். கதை முடிந்ததும் "இதிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய்?" என்று மட்டும் கேட்க வேண்டாம், அது வகுப்பறை என்று தெரிந்துவிட்டால் அடுத்த வாரம் பாதிப் பேர்தான் இருப்பார்கள்.

பெற்றோர் ஒருவரோ நூலகப் பணியாளரோ எப்போதும் உடனிருக்க வேண்டும்; கதவு திறந்தே இருக்க வேண்டும். இது தங்கள் மீதான ஐயத்தால் சொல்வதன்று, குழந்தைகள் கூடும் எல்லா இடங்களுக்கும் பொதுவான ஒழுங்கு. குழந்தைகள் உதவி எண் 1098-ஐச் சுவரில் அவர்கள் கண்ணில் படும் உயரத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்கள் வீட்டில் உருது பேசுகிறோம். பிள்ளைகள் தமிழ்வழிப் பள்ளியில் படிக்கிறார்கள். நூலகத்தில் அவர்களுக்கு எந்த மொழி நூலை எடுத்துக் கொடுப்பது?
(ஒரு தாய், பேரணாம்பட்டு)

இரண்டையும் கொடுங்கள், அம்மா. வீட்டு மொழியில் கதை கேட்டு வளர்ந்த பிள்ளை பள்ளி மொழியில் பின்தங்கிவிடுமோ என்று கவலைப்பட வேண்டாம்; கதை கேட்கும் பழக்கம் எந்த மொழியில் வந்தாலும் மற்ற மொழிக்கும் உதவவே செய்யும். ஆந்திர எல்லையோர ஊர்களில் தெலுங்கு பேசும் குடும்பங்களுக்கும் இதையே சொல்வேன். நூலகத்தில் உருது நூல் இல்லையென்றால் வாசகர் கருத்துப் பதிவேட்டைக் கேட்டு வாங்கி, குழந்தையின் வயதையும் குறிப்பிட்டு எழுதி வையுங்கள். உங்கள் தெருவில் இன்னும் பத்துத் தாய்மார்களையும் எழுதச் சொல்லுங்கள். அதுவரை, படம் மட்டுமே உள்ள நூல்களை எடுத்துச் சென்று, கதையை உருதுவில் நீங்களே சொல்லுங்கள்.