தாடியஸ் ஸ்டீவன்ஸ் யார், அவர் ஏன் முக்கியம்?
தாடியஸ் ஸ்டீவன்ஸ் (1792–1868) பென்சில்வேனியாவில் வழக்கறிஞராக இருந்து அமெரிக்க நாடாளுமன்றத்துக்குப் போனவர், அடிமை முறையின் கடும் எதிரி. உள்நாட்டுப் போர் முடிந்ததும், கறுப்பின மக்களின் குடியுரிமையும் சம பாதுகாப்பும் அரசமைப்பிலேயே இடம்பெற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார், ஏனென்றால் சாதாரணச் சட்டத்தை அடுத்து வரும் நாடாளுமன்றம் சுலபமாக நீக்கிவிடலாம். வாய்ப்பேச்சாக நிலம் கொடுப்பதற்கும் பத்திரம் பதிந்து கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அப்படி வந்த 14வது திருத்தம் 1868 ஜூலையில் நடைமுறையானது, ஆகஸ்டில் அவர் இறந்தார். எல்லா இனத்தவரையும் ஏற்கும் கல்லறைத் தோட்டத்தையே தனக்குத் தேர்ந்தெடுத்திருந்தார், என்ன மனிதர்!

அப்புறம், அதிபர் லிங்கனின் 1863 அடிமை விடுதலைப் பிரகடனத்தோடு அடிமை முறை நாடு முழுக்க முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். அது உள்நாட்டுப் போரில் நாட்டிலிருந்து பிரிந்துபோய்க் கிளர்ச்சி செய்த தென் பகுதிகளுக்கு மட்டும்தான், நாடு முழுக்கத் தடை செய்தது ஸ்டீவன்ஸும் சேர்ந்து போராடிய 1865ஆம் ஆண்டின் 13வது திருத்தம்.