அப்பாவும் மகனும் ஒரே பக்கம் பார்த்தால்

கேள்வி: நான் பினாங்கில் ஊடகத்துறை டிப்ளோமா படிக்கும் மாணவி. தேர்வுக்காக ஏழு நிமிடக் குறும்படம் ஒன்றை எடுத்து வருகிறேன். வேலைக்காகச் சிங்கப்பூர் போகப் போவதை, பூக்கடை வைத்திருக்கும் தன் அப்பாவிடம் மகன் லிட்டில் இந்தியா உணவகம் ஒன்றில் சொல்வதுதான் முக்கியக் காட்சி. இருவரையும் சேர்த்தும் மகனைத் தனியாகவும் அஞ்சடியிலிருந்து, அதாவது கடை முன் நடைபாதையிலிருந்து, எடுத்தோம். இடம் போதாததால் அப்பாவை மட்டும் கடைக்குள்ளிருந்து எடுத்தோம். தொகுத்துப் பார்த்தால், இருவரும் வேறு யாரிடமோ பேசுவதுபோல் இருக்கிறது. கிளாசில் தே தாரிக் (நுரை பொங்க ஆற்றிய பால் தேநீர்) ஷாட்டுக்கு ஷாட் ஏறி இறங்குகிறது. நல்ல கேமராவை வாடகைக்கு எடுத்து, எல்லாவற்றையும் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள் நண்பர்கள். அடுத்த வாரம் ஃபெர்ரிக் காட்சி வேறு இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: அன்புத் தங்கைக்கு,

வாடகைப் பணத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் காட்சியைக் கெடுத்தது கேமரா நின்ற இடம். எவ்வளவு விலையுயர்ந்த கேமராவும் அங்கே நின்றிருந்தால் இதே குழப்பத்தைத்தான் பதிவு செய்திருக்கும்.

எதிரெதிரே அமர்ந்திருக்கும் இருவரின் முகங்களை இணைத்து ஒரு கோடு இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டின் ஒரு பக்கத்தில், அதாவது 180 பாகை அரைவட்டத்துக்குள், கேமரா எங்கு நின்றாலும் ஒருவர் திரையில் வலப்பக்கம் பார்ப்பார், மற்றவர் இடப்பக்கம் பார்ப்பார்; பார்வைகள் சந்திப்பதாகப் பார்வையாளர் தாமாகவே இணைத்துக்கொள்வார். நீங்கள் மகனைத் தெருப்பக்கத்திலிருந்தும் அப்பாவை உட்பக்கத்திலிருந்தும் எடுத்ததால் கேமரா அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டது. அதனால்தான் இருவரும் ஒரே திசையைப் பார்க்கிறார்கள். ஜார்ஜ்டவுனின் பழைய கடைவீடுகள் அகலம் குறைந்து நீளம் மிகுந்தவை என்பதால், இங்கே படமெடுக்கும் மாணவர்களுக்கு இந்தத் தடுமாற்றம் எளிதில் நேரும்.

முழுக் காட்சியையும் மறுபடி எடுக்க வேண்டியதில்லை. அப்பாவாக நடித்தவரை மட்டும் அதே சட்டையோடு, அதே நேரத்தில் வரச்சொல்லி, அவருடைய ஷாட்டுகளை அஞ்சடிப் பக்கமிருந்து எடுங்கள். மகனாக நடித்தவரும் உடன் வந்து, படத்தில் தெரியாவிட்டாலும், எதிரே அமர்ந்து வசனத்தைச் சொல்லட்டும். வெறும் நாற்காலியைப் பார்த்துப் பேசும் நடிகரின் கண்கள் அலைபாயும். உள்ளிருந்து எடுத்தபோது அப்பாவின் முதுகுக்குப் பின்னால் தெரு வெளிறிப் போயிருக்கும். இப்போது தெருவின் வெளிச்சம் முகத்தில் விழும், பின்னணியில் கடையின் ஆழமும் கிடைக்கும். அதற்கும் வழியில்லையென்றால், கைகளையோ கிளாசையோ நெருக்கமாக எடுத்த ஷாட் ஒன்றை இடையில் வைத்து, திசை மாற்றத்தின் அதிர்ச்சியைச் சற்றுத் தணிக்கலாம். ஷாட்டைக் கணினியில் இடவலமாகத் திருப்பிவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். பின்னணியில் ஒரேயொரு பெயர்ப்பலகை இருந்தாலும் அந்தத் தந்திரம் அம்பலமாகிவிடும்.

ஷாட்டுகளைப் பற்றி ஒரு வார்த்தை. முதலில் காட்சி முழுவதையும் அகலமான மாஸ்டர் ஷாட்டில் ஓட்டி எடுங்கள். பிறகு ஒருவர் தோளுக்கு மேலாக மற்றவரை எடுங்கள். அதன் பின்னரே குளோசப்புக்குப் போங்கள். ஒரே ஆளை அடுத்தடுத்து இரண்டு ஷாட்டுகளில் காட்டுவதாக இருந்தால் கேமராவைக் குறைந்தது 30 பாகையாவது நகர்த்துங்கள், சட்டத்தின் (ஃபிரேம்) அளவையும் தெளிவாக மாற்றுங்கள்; அரைகுறையாக நெருங்கினால் படம் தத்திக் குதிப்பதுபோல் தெரியும். மாணவர் படங்களில் என்னை மிகவும் சலிப்படையச் செய்வது, "சாப்பிட்டியாப்பா?" என்ற முதல் வசனத்துக்கே குளோசப்பைச் செலவழித்துவிடுவதுதான். மகன் சிங்கப்பூர் என்ற சொல்லை உச்சரிக்கும்வரை அதைக் கையில் வைத்திருங்கள். அப்போதும் சொல்கிறவனைவிடக் கேட்கிறவர் முகத்தைக் காட்டுவதே மேல்.

அப்பா எழுந்து போகும் இடத்தில் ஒரு ஷாட்டிலிருந்து அடுத்த ஷாட்டுக்கு வெட்டுவதானால், அகல ஷாட்டிலும் அண்மை ஷாட்டிலும் அவரை முழுமையாக எழச் செய்து, தொகுக்கும்போது எழுந்துகொண்டிருக்கும் அசைவின் நடுவில் வெட்டுங்கள். அசைவைப் பின்தொடரும் கண் வெட்டைக் கவனிக்காது.

இனி தே தாரிக். எந்த வசனத்தின்போது யார் கை கிளாசுக்குப் போகும் என்பதை ஒத்திகையிலேயே முடிவுசெய்து எழுதிவையுங்கள். ஒவ்வொரு ஷாட்டின் முடிவிலும் ஒரு நண்பர் மேசையைக் கைப்பேசியில் படம் பிடித்துக்கொள்ளட்டும். அளவைச் சரிசெய்தாலும் நுரை சும்மா இருக்காது, சில நிமிடங்களில் அடங்கிவிடும். அடுத்த படத்தில் உங்கள் பாத்திரங்கள் பாலில்லாத கோப்பி ஓ குடிக்கட்டும். ஆனால் அப்பாவின் மிகச் சிறந்த நடிப்பு, தேநீர் அளவு தவறிய ஷாட்டில்தான் இருக்கிறதென்றால், தயங்காமல் அந்த ஷாட்டையே வையுங்கள். புகழ்பெற்ற அமெரிக்கப் படத்தொகுப்பாளர் வால்டர் மர்ச், ஒரு வெட்டை மதிப்பிட ஆறு அளவுகோல்களைச் சொல்லி, உணர்ச்சிக்கு 51 விழுக்காடும், ஆட்களும் பொருள்களும் இருக்கும் முப்பரிமாண இடத்தின் தொடர்ச்சிக்கு 4 விழுக்காடும் கொடுத்தார். இதைக் கேட்டவுடன் தொடர்ச்சியே தேவையில்லை என்று மகிழ்கிற மாணவர்கள் உண்டு. ஆறும் ஒன்றாக அமைவதே சிறந்தது என்பதும், எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டுமென்றால் பட்டியலின் அடியிலிருந்து விட வேண்டும் என்பதுமே அவர் சொன்னது.

ஒலியை நீங்கள் கடிதத்தில் குறிப்பிடவில்லை, ஆனால் அந்தப் பகுதியில் அதுதான் எனக்குப் பெரிய கவலை. கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலின் பாங்கும் மாரியம்மன் கோயில் மணியும் எட்டும் தொலைவில் நீங்கள் படமெடுக்கிறீர்கள். மகனின் வசனத்துக்குப் பின்னால் பாங்கு ஒலித்து, அப்பாவின் பதிலில் அது திடீரென அறுந்தால், எந்தத் தேநீர்ப் பிழையும் அதற்கு ஈடாகாது. தொழுகை நேரங்களை முன்பே பார்த்துவிட்டு, அந்த நேரங்களில் இடைவேளை விடுங்கள். எல்லாரையும் பேசாமல் இருக்கச் சொல்லி, கடையின் வெறும் இரைச்சலை ஒரு நிமிடம் தனியாகப் பதிவு செய்யுங்கள். அதை எல்லா வெட்டுகளுக்கும் அடியில் ஓடவிட்டால் காட்சி ஒட்டிக்கொள்ளும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், குழல்விளக்கு உள்ள கடையில் படம் மினுமினுக்காமல் இருக்க, நொடிக்கு 25 சட்டங்கள் வைத்து, ஷட்டர் வேகத்தை 1/50 நொடியாக வையுங்கள். கைப்பேசியில் எடுத்தால் வெளிச்சத்தையும் வண்ணச் சமநிலையையும் பூட்டிவிடுங்கள். இல்லையென்றால் ஷாட்டுக்கு ஷாட் அப்பாவின் முகநிறம் மாறும்.

ஃபெர்ரிக் காட்சியிலும் இதே கோடு உண்டு. அங்கே படகு போகும் திசையே கோடு. படகின் இடப்பக்கக் கடலை நோக்கிக் கேமராவை வைத்தால் பயணம் திரையில் வலப்பக்கம் நகரும். வலப்பக்கக் கடலை நோக்கி வைத்தால் இடப்பக்கம் நகரும். இரண்டையும் கலந்து வெட்டினால், அக்கரையிலுள்ள பட்டர்வொர்த் போகிற மகன் பாதி வழியில் மனம் மாறி அப்பாவிடம் திரும்பிவிட்டான் என்று பார்ப்பவர்கள் நினைப்பார்கள். ஏறியவுடன் ஒரு பக்கத்தைத் தேர்ந்துகொண்டு அங்கேயே இருங்கள். மறுபக்கத்துக்கு மாறியே ஆக வேண்டுமென்றால், படகின் பின்புறத்தில் நேராக நின்று நுரைத்தடத்தை எடுத்த ஒரு ஷாட்டை இடையில் வையுங்கள்.