நடந்தே போயிருக்கலாமே டீச்சர்

அன்புள்ள ஐயா,

குடியாத்தம் பக்கம் நான்காம் வகுப்பு எடுக்கிறேன். பிள்ளைகள் தடங்கல் இல்லாமல் வாசிக்கிறார்கள், கேள்வி-பதிலும் எழுதிவிடுகிறார்கள். 'என்ன படிச்ச, சொல்லு' என்றால் மட்டும் வாய் திறப்பதில்லை. போன வாரம் ஒரு கதை, ஒருவன் ஆற்றங்கரையில் பரிசலுக்குக் காத்திருக்கிறான். ஏன் என்று கேட்டேன். ஒரு பையன், "தெரியல டீச்சர், நடந்தே போயிருக்கலாமே" என்றான். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் எனக்குக் கவலை. இன்னும் நிறைய பத்தி கொடுத்துப் பழக்கினால் சரியாகுமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள டீச்சர்,

ஆகாது. 'கிப்பன் லோமியைப் பசவினான்.' இது நான் இப்போது இட்டுக்கட்டியது, ஒரு சொல்லுக்கும் அர்த்தம் கிடையாது. கிப்பன் எதைப் பசவினான் என்று கேளுங்கள், லோமியை என்று எழுதி முழு மார்க் வாங்கிவிடுவார்கள். கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடிப் பக்கத்தில் இருப்பதை எடுத்து எழுதுகிற வித்தை அது, நானே ஹைஸ்கூல் வரை அதை வைத்துத்தான் ஓட்டினேன்.

அந்தப் பையன் கதைக்குள் போயிருக்கிறான். என்ன, அவன் பார்த்த ஆறு பாலாறும் கௌண்டன்யாவும். பெரும்பாலும் மணல்தான், 2021 நவம்பரில் வெள்ளம் வந்தபோது அவனுக்கு நினைவு தெரியாத வயசு. மணலில் எவன் பரிசலுக்குக் காத்திருப்பான்? 1988இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் 64 மாணவர்களுக்கு ஒரு பேஸ்பால் ஆட்டத்தைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். வாசிப்பில் சுமார், ஆனால் ஆட்டம் தெரிந்தவர்கள், நன்றாக வாசித்தும் ஆட்டம் தெரியாதவர்களைவிடக் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். வீட்டில் தறி ஓடுகிற பிள்ளைக்குப் பாவு, ஊடை பற்றி ஒரு பத்தி கொடுத்துப் பாருங்கள், அப்புறம் நீங்கள்தான் அதட்டி வாயை மூட வேண்டியிருக்கும்.

அதனால் பாடத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் பேச்சு. அந்த வெள்ளத்தின் வீடியோவை போனில் காட்டுங்கள், பாட்டி தாத்தாவிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். பிறகு நீங்களே சத்தமாக வாசித்து, 'காத்திருந்தான்' வந்ததும் நிறுத்தி, 'ஏன் காத்திருக்கான், எனக்கே புரியலையே, மேலே பார்ப்போம்' என்று உங்கள் மனசில் ஓடுவதை வெளியே சொல்லுங்கள். யோசிப்பது எப்படி என்று யாரும் அவர்களுக்குக் காட்டியதே இல்லை. பத்தியில் அப்படியே கிடைக்காத பதிலுக்கு ஒரு கேள்வியாவது கேளுங்கள். (எழுத்துக் கூட்டவே திணறுகிற பிள்ளைகள் இருந்தால் அது வேறு வேலை, அதை முதலில் பாருங்கள்.)

போர்ஷன் முடியாதே என்பீர்கள். எல்லாப் பாடத்துக்கும் இப்படிச் செய்தால் முடியாதுதான், வாரத்துக்கு ஒன்று போதும்.

அந்தப் பையனிடம், தண்ணீர் கழுத்து வரைக்கும் ஓடினால் என்ன பண்ணுவ என்று கேட்டுப் பாருங்கள். அவன் சொன்னதை எனக்கும் எழுதுங்கள்.