தோல் ஜாக்கெட்டுக்கு எந்தக் கண்டிஷனரைத் தேர்ந்தெடுப்பது?

ஐந்து ஆண்டுகளாக அணிந்துவரும் கருப்புத் தோல் ஜாக்கெட்டின் முழங்கைகளும் கழுத்துப்பட்டையும் வறண்டு விறைத்து வருகின்றன என்றும், கண்டிஷனர் என்ற பெயரில் களிம்பு, எண்ணெய், மெழுகு, தெளிப்பான் எனப் பலவும் விற்கப்படுவதால் எதை வாங்குவது என்று தெரியவில்லை என்றும், வீட்டில் இருக்கும் ஆலிவ் எண்ணெயே போதுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஆலிவ் எண்ணெய் வேண்டாம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காரணம் பின்னால் வருகிறது. மற்றபடி, டப்பாவின் மேல் எழுதியிருப்பதைப் படிப்பதற்கு முன் உங்கள் ஜாக்கெட் எந்த வகைத் தோல் என்பதைக் கண்டறிய வேண்டும். இந்த வரிசையை மாற்றிச் செய்து ஒரு நல்ல ஜாக்கெட்டைக் கெடுத்துக்கொண்டவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

என்னுடையது வெளிர்பழுப்பு நிறத்தில், செம்மறியாட்டுத் தோலில் தைத்த மெல்லிய ஜாக்கெட். அது சற்று வறண்டதுபோல் தோன்றியதும், தோலுக்கு மிகவும் நல்லது என்று எங்கோ படித்த நினைவில் நீட்ஸ்ஃபுட் எண்ணெயை வாங்கி, ஒரு மாலை நேரத்தில் தாராளமாகத் தடவிவிட்டேன். மாட்டின் கால் எலும்புகளிலிருந்து எடுக்கப்படும் இந்த எண்ணெய், குதிரைச் சேணம், கடிவாள வார் போன்ற தடித்த தோல் பொருள்களுக்கு நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது. மறுநாள் காலையில் ஜாக்கெட் ஈரமான மண்ணின் நிறத்தில் இருந்தது. உலர்ந்தால் பழைய நிறம் திரும்பிவிடும் என்று இரண்டு வாரம் காத்திருந்தேன், திரும்பவில்லை. முழங்கைப் பகுதி தொய்ந்துபோனது, உள்ளே அணிந்த சட்டைகளின் கழுத்தில் எண்ணெய்க் கறை படிந்தது. எண்ணெயின் மீது குற்றமில்லை. பெல்ட் அளவுக்குத் தடித்த தோலுக்கு உரியதை, ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமன் இல்லாத தோலுக்குக் கொடுத்தது என் அறியாமை.

தோலுக்குக் கண்டிஷனர் என்ன செய்கிறது என்பது தெரிந்தால் தேர்வு எளிதாகிவிடும். தோல் என்பது கொலாஜன் எனும் புரத இழைகள் ஒன்றோடொன்று பின்னிய வலை. பதனிட்ட தோலை அப்படியே உலரவிட்டால் இந்த இழைகள் ஒட்டிக்கொண்டு தோல் பலகைபோல் விறைத்துவிடும் என்பதால், பதனிடும் தொழிற்சாலையிலேயே, தண்ணீரில் கலக்கும்படி பக்குவப்படுத்திய எண்ணெயைத் தோலுக்குள் ஊட்டுகிறார்கள். தொழிலில் இருப்பவர்கள் இதை ஃபேட்லிக்கர் என்பார்கள். இழைகள் ஒன்றின்மீது ஒன்று வழுக்கிச் செல்ல உதவுவது இந்த எண்ணெய்தான். வெயில், சூடு, வியர்வை, நீண்ட காலப் பயன்பாடு ஆகியவற்றால் இது இடம் மாறியோ குறைந்தோ போகும்போது, அந்தக் குறையில் ஒரு பகுதியை ஈடுசெய்வதே கண்டிஷனரின் வேலை. விளம்பரங்களில் வரும் ‘ஊட்டச்சத்து’ என்ற சொல்லைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. தோல் உயிரோடு இல்லை, அதற்குப் பசியும் இல்லை. தோலின் நெகிழ்வுக்கு எண்ணெயைப் போலவே அதனுள் இருக்கும் ஈரமும் காரணம் என்பதால், ஹீட்டர் ஓடும் அறையில் மாதக்கணக்கில் தொங்கிய ஜாக்கெட் விறைத்திருந்தால், மிதமான ஈரப்பதம் உள்ள இடத்தில் சில நாட்கள் வைத்தாலே ஓரளவு தளர்ந்துவிடும். இதைச் செய்துபார்க்காமல் டப்பாவைத் திறக்க வேண்டாம்.

இனி உங்கள் ஜாக்கெட் எந்த வகை என்று பார்ப்போம். கழுத்துப்பட்டையின் அடிப்பக்கம் அல்லது பையின் மூடிக்குக் கீழே ஒரு சொட்டுத் தண்ணீரை வைத்து ஒரு நிமிடம் கவனியுங்கள். சொட்டு உள்ளே இறங்கி அந்த இடம் கருத்தால், அது சாயம் மட்டும் ஏற்றப்பட்டு மேற்பூச்சு இல்லாத அல்லது மிகக் குறைவாக உள்ள தோல். அனிலின் தோல் என்று விற்கப்படுவது இந்த வகை. சொட்டு முத்துபோல் உருண்டு நின்றால், நிறமியும் அக்ரிலிக் அல்லது பாலியூரிதேன் பூச்சும் சேர்ந்த மெல்லிய படலம் தோலின் மேல் இருக்கிறது என்று பொருள். இரண்டுக்கும் நடுவே, சொட்டு சிறிது நேரம் நின்றுவிட்டு மெதுவாக இறங்கினால், அது அரை அனிலின் வகையாக இருக்கக்கூடும். மெழுகோ எண்ணெயோ நிறைய ஏற்றிய தோலிலும் தண்ணீர் உருளும். ஆனால் அந்தத் தோலை விரலால் உள்ளிருந்து தள்ளினால் அந்த இடம் வெளிறித் தெரியும், பூச்சுள்ள தோலில் அப்படி நேராது. சோதனையை மறைவான இடத்தில் செய்யச் சொல்வதற்குக் காரணம், அனிலின் தோலில் தண்ணீர்ச் சொட்டே வட்டத் தழும்பை விட்டுவிடக்கூடும் என்பதுதான்.

இந்த ஒரு சொட்டு, தேர்வில் பாதியை முடித்துவிடுகிறது. பூச்சுள்ள தோலுக்குள் எந்தக் களிம்பும் எளிதில் இறங்காது. தையல் ஓரங்களிலும், பூச்சு தேய்ந்த முழங்கை, மணிக்கட்டு, கழுத்துப்பட்டை ஆகிய இடங்களிலும்தான் சிறிது உள்ளே போகும். ஆகவே இதற்குத் தண்ணீரை அடிப்படையாகக் கொண்ட, கை களிம்பைப் போல் இலேசாகப் பரவும் கிரீம் வகையே போதும். கட்டியான எண்ணெய்ப் பசையைத் தடவினால் அது மேலே தங்கித் தூசியைப் பிடிக்கும், உடையில் ஒட்டும், வேறு பயன் தராது. அனிலின் தோலில் நிலைமை நேர்மாறானது. அது எதைக் கொடுத்தாலும் குடித்துவிடும் என்பதால், நிறத்தைக் கருக்காத, சாயமோ கனமான எண்ணெயோ இல்லாத, அனிலின் தோலுக்கென்றே குறிப்பிட்டிருக்கும் கிரீமைத் தேட வேண்டும். அப்படியிருந்தும் சிறிது கருப்பதற்கு மனத்தைத் தயார்படுத்திக்கொள்ள வேண்டும். மேற்பரப்பு மென்மயிரோடு இருக்கும் ஸ்வேட், நூபக் ஆகிய தோல்களுக்குக் களிம்பே கூடாது, அவற்றின் மென்மயிர் படிந்து வழவழத்துப்போகும். அவற்றுக்கு உரியது தூரிகை மட்டுமே. செயற்கைத் தோலாக இருந்தால் கண்டிஷனருக்குச் செலவிட வேண்டாம். பாலியூரிதேன் படலம் செதில் செதிலாக உரியத் தொடங்கிய பிறகு அதைத் திரும்ப ஒட்டவைக்கும் களிம்பு கிடையாது.

இப்போது டப்பாவின் பின்பக்கத்துக்கு வரலாம். லானோலின் என்பது ஆட்டு ரோமத்திலிருந்து எடுக்கப்படும் மெழுகு போன்ற பொருள். தன் எடையைவிட அதிகமான தண்ணீரை ஏற்றுக்கொள்ளக்கூடியது, தோலில் மெதுவாக இறங்குவது, ஜாக்கெட்டுக்கு ஏற்றது. சிலருக்கு இது உடலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தேன்மெழுகும் கார்னோபா மெழுகும் தோலை மென்மையாக்குவதில்லை. அவை மேலே தங்கி மெருகையும் சிறிது நீர்த் தடுப்பையும் தருகின்றன. ஆகவே, விறைப்பைப் போக்க விரும்பும் நீங்கள் மெழுகை முதன்மையாகக் கொண்ட கட்டியான பசையை வாங்கினால் ஜாக்கெட் பளபளக்கும், ஆனால் விறைப்பு அப்படியே இருக்கும். மிங்க் என்ற விலங்கின் கொழுப்பிலிருந்து எடுக்கப்படும் மிங்க் எண்ணெயும் நான் சொன்ன நீட்ஸ்ஃபுட் எண்ணெயும் ஆழமாக இறங்கி நிறத்தைக் கருக்கவைப்பவை. மழையில் நனையும் தடித்த பூட்ஸுக்கு அவை பொருந்தலாம், மெல்லிய ஜாக்கெட்டுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். சிலிக்கோன் நிறைந்த தெளிப்பான்கள் உடனடிப் பளபளப்பைத் தரும். ஆனால் பின்னொரு நாள் ஜாக்கெட்டுக்கு நிறம் புதுப்பிக்க நேர்ந்தால் புதிய பூச்சு ஒட்டாமல் தொல்லை தரும். மூடியைத் திறந்ததும் பெட்ரோலியக் கரைப்பானின் கடுமையான வாடை வந்தால் அதைத் திரும்ப வைத்துவிடுங்கள், அது சாயத்தைத் தளர்த்தக்கூடும்.

ஆலிவ் எண்ணெய்க்கு வருகிறேன். அதில் பெரும்பகுதி நிறைவுறாக் கொழுப்பு அமிலம்; காற்றில் உள்ள ஆக்சிஜனோடு மெதுவாக வினைபுரிந்து சிக்குவாடை அடிக்கும், பிசுக்காகும். வாணலியில் இருந்தால் கழுவிவிடலாம், தோலின் இழைகளுக்குள் போனதை வெளியே எடுக்க வழியில்லை. தேங்காய் எண்ணெய் அவ்வளவு எளிதில் சிக்குப் பிடிக்காது என்பது உண்மைதான்; ஆயினும் ஏறத்தாழ 24 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அது உறைந்துவிடுவதால், குளிரில் தோலின் மேல் வெள்ளையாகப் பூத்து நிற்கக்கூடும். ஆளி விதை எண்ணெய் எல்லாவற்றிலும் மோசமானது, ஏனெனில் அது உலர்ந்து கெட்டியான படலமாக மாறும் எண்ணெய். ஓவியர்கள் அதை வண்ணத்தில் சேர்ப்பதே அந்தக் குணத்துக்காகத்தான்.

வீட்டு எண்ணெய் ஒருபுறம் இருக்க, நல்ல பொருள்களையும் மிகுதியாகத் தடவினால் கேடுதான். பிரிட்டிஷ் மியூசியத்தின் பெயரால் அறியப்பட்ட, லானோலின், தேன்மெழுகு, செடார் மர எண்ணெய் ஆகியவற்றை ஹெக்சேன் என்ற கரைப்பானில் கரைத்த கலவை, இருபதாம் நூற்றாண்டில் பழைய தோல் அட்டைப் புத்தகங்களுக்குப் பரவலாகத் தடவப்பட்டது. பிசுபிசுப்பு, கருமை, தூசி படிதல் ஆகியவற்றைக் கண்ட பிறகு, இத்தகைய கலவைகளை வழக்கமாகத் தடவுவதைப் பழம்பொருள் பாதுகாப்பு வல்லுநர்கள் கைவிட்டார்கள். அலமாரியில் அசையாமல் நிற்கும் புத்தகமும் தினமும் மடங்கி நிமிரும் ஜாக்கெட்டும் ஒன்றல்ல என்பதை ஒப்புக்கொள்கிறேன். இருந்தாலும் மாதம் ஒருமுறை தடவச் சொல்லும் டப்பாக்களை நான் நம்புவதில்லை. ஆண்டுக்கு ஒரு முறை, அடிக்கடி வெயிலிலும் காற்றிலும் அணிபவராக இருந்தால் இரு முறை. அதற்கு மேல் தேவைப்படுவது அரிது.

தடவுவதற்கு முன் துடைக்க வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கழுத்துப்பட்டையில் நீங்கள் காணும் சொரசொரப்பு, வறட்சியாக இல்லாமல், உடலின் எண்ணெயும் வியர்வை உப்பும் காய்ந்து படிந்ததாகக்கூட இருக்கலாம். அதன்மேல் கிரீமைப் பூசினால் அழுக்கை உள்ளே அடைத்துவைத்தது போலாகும். தண்ணீரில் நனைத்து நன்றாகப் பிழிந்த துணியால் முதலில் துடைத்துப் பாருங்கள், போகாவிட்டால் தோலுக்கென்றே விற்கப்படும் மென்மையான துப்புரவுத் திரவத்தைத் துணியில் எடுத்துக்கொள்ளுங்கள். சேணச் சோப்பு காரத்தன்மை உடையது. தோலோ இயல்பிலேயே சற்று அமிலத்தன்மை கொண்டது என்பதால் ஜாக்கெட்டுக்கு அந்தச் சோப்பை நான் தவிர்க்கிறேன். துடைத்தபின் நிழலில், தடித்த ஹேங்கரில் தானாகவே உலரட்டும். ஹேர் டிரையரைக் கொண்டு அவசரப்படுத்த வேண்டாம், ஈரமான தோல் சூட்டில் சுருங்கினால் பழைய அளவுக்குத் திரும்பாது.

வாங்கிய கிரீமை முதலில் மறைவான இடத்தில் தடவி ஒரு முழு நாள் காத்திருங்கள். நிறம் மாறியிருக்கிறதா, வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு பட்டாணி அளவு கிரீமைத் துணியில் எடுத்து, நேரடியாக ஜாக்கெட்டின் மேல் வைக்காமல், துணியிலேயே சற்றுப் பரப்பிக்கொண்டு, ஒவ்வொரு பகுதியாக மெல்லிய பூச்சாகத் தடவிச் செல்லுங்கள். அரை மணி நேரம் கழித்து உலர்ந்த துணியால் மிச்சத்தைத் துடைத்தெடுங்கள். முழங்கைக்கு மட்டும் வேண்டுமானால் மறுநாள் இன்னொரு மெல்லிய பூச்சு கொடுக்கலாம். பூச்சில் ஏற்கெனவே விழுந்துவிட்ட வெடிப்புகள் சற்று மங்கித் தெரியலாமே தவிர மறையாது. அது நிறம் புதுப்பிப்பவரின் வேலை.

சில வாரங்கள் கழித்து ஜாக்கெட்டில் வெள்ளையாக ஏதாவது படர்ந்தால் பூஞ்சை என்று உடனே பதற வேண்டாம். மிகுதியாகத் தடவிய கொழுப்பு வெளியே பூத்ததாக இருந்தால், கை வைத்துச் சூடேற்றியதும் மறைந்துவிடும். பூஞ்சையாக இருந்தால் மறையாது, புழுங்கல் வாடையும் இருக்கும்.

நீங்கள் சொல்லும் விவரங்களிலிருந்து ஊகித்தால், உங்களுடையது நிறப்பூச்சுள்ள ஜாக்கெட்டாக இருக்கும் வாய்ப்பே அதிகம். தண்ணீர்ச் சொட்டு உருண்டு நின்றால், லானோலின் கலந்த, நிறமற்ற, தண்ணீர் அடிப்படையிலான கிரீம் ஒன்றை, கிடைப்பதிலேயே சிறிய டப்பாவாக வாங்குங்கள். ஒரு ஜாக்கெட்டுக்கு அதுவே சில ஆண்டுகளுக்கு வரும். சொட்டு உள்ளே இறங்கினால் அனிலின் தோலுக்கான கிரீமை வாங்குங்கள், முழங்கையில் தொடங்காமல் முதுகின் அடிமடிப்பில் தொடங்குங்கள்.