முன் டயரின் உள்விளிம்பு மட்டும் ஏன் தேய்கிறது?

கேள்வி: நான்கு டயரையும் புதிதாக மாற்றி, கையோடு வீல் அலைன்மென்ட்டும் செய்தேன். 9,000 கிலோமீட்டர்கூட ஓடவில்லை, முன் டயர் இரண்டிலும் உள்விளிம்பு வழுக்கையாகிவிட்டது. திரும்பப் போய்க் கேட்டால், "கேம்பர் அவுட் ஆகியிருக்கிறது, ஆனால் இந்த காரில் கேம்பரை அட்ஜஸ்ட் செய்ய முடியாது" என்கிறார்கள். இதை நம்பலாமா?

பதில்: அவர்கள் சொன்னதில் பாதி உண்மை. வண்டிக்கு முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் தலை உள்ளே சாய்ந்திருந்தால் நெகட்டிவ் கேம்பர், வெளியே சாய்ந்திருந்தால் பாசிட்டிவ். சிறிய, நடுத்தர கார்களில் பெரும்பாலும் முன்பக்கம் மெக்ஃபர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்) இருக்கும். அவற்றில் பலவற்றுக்குத் தொழிற்சாலையே கேம்பரைத் திருப்ப வழி வைப்பதில்லை. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியான டை ராடைத் திருகி டோவை, அதாவது சக்கரத்தின் முன்பகுதி உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவை மட்டும்தான் சரிசெய்யலாம்.

ஆனால் திருப்ப வழியே இல்லாத கேம்பர் தானாக மாறாது. அது மாறியிருந்தால் ஏதோ ஒன்று வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது: லோயர் ஆர்ம் (சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் கை), அதன் புஷ் (ரப்பர் உறை), பால் ஜாயின்ட் (உருண்டை மூட்டு), ஸ்ட்ரட், தளர்ந்து இறங்கிப்போன ஸ்பிரிங். பள்ளத்தில் பலமாக இறங்கியதில் சப்ஃபிரேம் (இவற்றைத் தாங்கும் அடிச்சட்டம்) நகர்ந்திருக்கவும் கூடும். "முடியாது" என்று சொல்லி அனுப்புவது பதில் ஆகாது. எது கெட்டிருக்கிறது என்று வண்டியைத் தூக்கிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

அப்புறம், உங்கள் விஷயத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது கேம்பரை அல்ல, டோவை. நிற்கும்போது இரண்டு பாதங்களின் முன்பகுதி உள்நோக்கித் திரும்புவதும் வெளியே விரிவதும் போலத்தான் டோ-இன், டோ-அவுட். டோ தவறினால் ஓட்டத்தில் அது இரண்டு முன் சக்கரங்களுக்கும் பங்காகிவிடும். அதனால் இரண்டு டயரும் ஒரே மாதிரி தேயும். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்தால்தான் அந்தப் பக்கத்துக் கேம்பர் மேல் கண் போக வேண்டும். உள்ளங்கையை டயரின் குறுக்கே மெதுவாகத் தடவிப் பாருங்கள். ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பம் போலவும் உரசினால் அது டோ. தேய்ந்த இடம் இரு திசையிலும் மழமழவென்று இருந்தால் கேம்பர்.

டோ எவ்வளவு கொடியது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு சக்கரம் 0.3 டிகிரி மட்டும் திரும்பியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறத்தாழ 5 மீட்டர் பக்கவாட்டில் உரசப்படுகிறது. 9,000 கிலோமீட்டரில் அது சுமார் 47 கிலோமீட்டர். நல்ல டயர் இப்படி வீணாவதைப் பார்க்க எனக்கு மனசு ஆறுவதில்லை.

அலைன்மென்ட் செய்த அன்று மெஷின் அளவுகளை அச்சிட்டுக் கொடுத்த தாள் இருக்கிறதா? இருந்தால் எடுத்துக்கொண்டு போங்கள். டயர் நிறுவனத்தின் உத்தரவாதம் தயாரிப்புக் குறைக்குத்தான். அலைன்மென்ட் கோளாறால் தேய்ந்ததை அவர்கள் பொதுவாக ஏற்பதில்லை. ஆகவே வேலை செய்த இடத்தில் நியாயம் கேட்க உங்கள் கையில் உள்ள சாட்சி அந்தத் தாள்தான்.

கேள்வி: தாளில் எல்லா எண்ணும் பச்சையாக இருக்கிறது. ஆனாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கிறது. மெஷின் தவறா?

பதில்: மெஷினைக் குறை சொல்வதற்கு முன் இரண்டு முன் டயர்களையும் இடம் வலமாக மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள் (ஒரே திசையில் மட்டும் சுழல வேண்டிய டயர் என்றால் இந்தச் சோதனை வேண்டாம்). இழுப்பு பக்கம் மாறினால் கோளாறு டயரில். மாறவில்லை என்றால் தாளை மறுபடி பாருங்கள். பச்சை என்பது ஒரு எல்லைக்குள் இருக்கிறது என்பது மட்டுமே. ஒரு பக்கத்துக் கேம்பர் எல்லையின் இந்த முனையிலும் மறுபக்கத்தது அந்த முனையிலும் இருந்தால் இரண்டுமே பச்சைதான், ஆனால் வண்டி கேம்பர் அதிக பாசிட்டிவாக உள்ள பக்கம் இழுக்கும். காஸ்டர் (பக்கவாட்டில் பார்க்கும்போது சக்கரம் திரும்புகிற அச்சின் முன்பின் சாய்வு) என்றால் குறைவாக உள்ள பக்கம் இழுக்கும். இடம் வலம் வித்தியாசம் அரை டிகிரியைத் தாண்டினால் காரணம் கேளுங்கள்.

தாளைப் படிக்கும்போது பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு. சில மெஷின்கள் டிகிரியும் நிமிடமுமாகக் காட்டும். 60 நிமிடம் ஒரு டிகிரி. 0 டிகிரி 30 நிமிடம் என்பது 0.30 அல்ல, 0.50. வண்டியின் கையேட்டு அளவு ஒரு முறையிலும் மெஷின் வேறு முறையிலும் இருந்தால், ஒப்பிடுவதற்கு முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

சாலை ஓரத்தை நோக்கிச் சரிவாக இருப்பதால் வரும் லேசான இழுப்பு எல்லா வண்டியிலும் உண்டு. சமமான இடத்தில் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யுங்கள். ஒரு சக்கரம் மட்டும் அதிகமாகச் சூடாகிறதென்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு அலைன்மென்ட்டில் மருந்து இல்லை.

கேள்வி: கேம்பரைச் சரிசெய்ய ஸ்ட்ரட்டை ஜாக்கி வைத்து வளைத்துவிடலாம் என்கிறார் ஒருவர். இன்னொருவர் கேம்பர் போல்ட் போடலாம் என்கிறார். எதைச் செய்வது?

பதில்: வளைக்க விடாதீர்கள். தயவுசெய்து விடாதீர்கள். உங்கள் உயிரைத் தாங்குகிற இரும்பு அது. சூடு காட்டியோ அழுத்தியோ வளைத்த இடம் எப்போது விரிசல் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. போல்ட் துளையை அரம் வைத்து அகலப்படுத்துவதும் அதே ரகம்.

கேம்பர் போல்ட் நேர்மையான தீர்வு. ஸ்ட்ரட்டும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளும் சேரும் இடத்தில் உள்ள இரண்டு போல்ட்டில் ஒன்றை எடுத்துவிட்டு, மையம் விலகிய போல்ட் போடுவார்கள். அதைத் திருப்பினால் சக்கரம் சற்றுச் சாயும். உங்கள் மாடலுக்கு உரியதாக, சொல்லப்பட்ட முறுக்குவிசையில் இறுக்கப்பட வேண்டும். ஆனால் வளைந்த ஆர்மை வைத்துக்கொண்டே இந்த போல்ட்டைப் போட்டு மறைப்பது கூடாது. முதலில் கெட்டதை மாற்றுங்கள். அதன் பிறகும் அளவு வரவில்லை என்றால் போல்ட்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். முதலில் டயர் காற்று, அடுத்து டை ராட் எண்ட், பால் ஜாயின்ட், பேரிங் ஆட்டம். பிறகு பின் சக்கரம், அதன்பின் முன்பக்கக் காஸ்டர், கேம்பர், கடைசியில்தான் டோ. கேம்பரைத் தொட்டால் டோ மாறிவிடும் என்பதால் இந்த வரிசை. டோவை முடித்துவிட்டுக் கேம்பரைத் திருப்பினால் மறுபடி டோ பார்க்கச் சொல்லுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

கேள்வி: 90 கிலோமீட்டர் வேகத்தில் மட்டும் ஸ்டீயரிங் நடுங்குகிறது. அலைன்மென்ட் செய்தால் போகுமா?

பதில்: பெரும்பாலும் போகாது. குறிப்பிட்ட வேகத்தில் வந்து போகிற நடுக்கம் பெரும்பாலும் சக்கர பேலன்சிங் (சக்கரத்தின் எடையைச் சுற்றிலும் சமமாக்குவது) சம்பந்தப்பட்டது. அந்த வேலை தனி. அதைச் செய்தும் நிற்கவில்லை என்றால் ரிம் நெளிந்திருக்கிறதா, டயர் புடைத்திருக்கிறதா என்று சுழலவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.